உறவுசார் தரவுத்தள வடிவமைப்பு: ஒரு மதிப்பெண் ஷீட்டை வைத்துப் படிப்படியாகக் கற்கும் வழி

கல்லூரியில் டிபிஎம்எஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் தரவுத்தள மேலாண்மைத் தாளை எடுத்த மாணவர்கள் பெரும்பாலும் தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கட்டளையில் பிழை இருந்தால் அது உடனே திரையில் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். அட்டவணைகளின் அமைப்பில் உள்ள பிழை அப்படித் தெரிவதில்லை. அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, உண்மையான தரவு வந்து சேரும் நாளில் காலை வாரிவிடும்.

எனக்கு அது வாரிவிட்டது மினி ப்ராஜெக்ட் வைவாவில். தேர்வு முடிவுகளைச் சேமிக்கும் ஒரு மென்பொருளை நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்திருந்தோம். ஒரு மாணவரின் பதிவெண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்தால் ஒரு கிரேடு கிடைத்துவிடும் என்று எண்ணி, அந்த இரண்டையும் சேர்த்துப் பிரைமரி கீ (ஒரு வரிசையை அடையாளம் காட்டும், இரண்டாம் முறை வரக் கூடாத மதிப்பு) ஆக்கியிருந்தோம். எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக வந்தவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் அரியர் எழுதிப் பாஸ் பண்ணிட்டான்னு வைங்க, போடுங்க பார்ப்போம்" என்றார். போட்டோம், அந்த வரிசை ஏற்கெனவே இருக்கிறது என்று பிழைச் செய்தி வந்தது. நண்பன் சமயோசிதமாகப் பழைய வரிசையைத் திறந்து 'யு' என்பதை 'பி' என்று மாற்றினான். "சரி, முதல் தடவை பெயிலானது எங்கே போச்சு தம்பி?" என்று அவர் கேட்டதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைச் சுற்றியே செல்கிறது. ஆகவே எடுத்துக்காட்டும் அதே மதிப்பெண் ஷீட்தான்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. பள்ளிப் பாடநூலில் உள்ளபடி அட்டவணையின் கிடைவரியை வரிசை என்றும், நிலைவரியைப் புலம் என்றும் எழுதுகிறேன். முதன்மைத் திறவுகோல், அயல் திறவுகோல் என்பவற்றை வகுப்பறையில் எல்லோரும் சொல்வது போலவே பிரைமரி கீ, ஃபாரின் கீ என்று விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன்: உறவு என்பது எது

உறவுசார் தரவுத்தளம் என்றதும், அட்டவணைகளுக்கு இடையே இருக்கும் உறவைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். வைவாவில் அப்படியே பதிலும் சொல்கிறார்கள். அது தவறு. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் தம் புகழ்பெற்ற கட்டுரையில் இந்தச் சொல்லைக் கணிதத்தின் கணக்கோட்பாட்டிலிருந்து எடுத்தார். அங்கே உறவு என்பது ஒத்த அமைப்புள்ள வரிசைகளின் கணம். அதாவது ஒவ்வோர் அட்டவணையும் தன்னளவிலேயே ஓர் உறவு. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த படிநிலை முறையிலும் வலைப்பின்னல் முறையிலும், ஒரு தகவலை எடுக்க எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குத் தாவ வேண்டும் என்ற பாதையை நிரலே அறிந்திருக்க வேண்டியிருந்தது. சேமிப்பின் அமைப்பு மாறினால் நிரலையும் மாற்ற வேண்டியிருந்தது. காட் அந்தப் பிணைப்பை அறுத்தார். 1981-இல் அவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

கணம் என்பதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒரு கணத்தில் ஒரே உறுப்பு இருமுறை இருக்க முடியாது. உறுப்புகளுக்கு முன்பின் என்ற ஒழுங்கும் கிடையாது. ஆகவே 'அட்டவணையின் மூன்றாவது வரிசை' என்று பேசுவதற்கே பொருள் இல்லை. ஆனால் நடைமுறையில் எஸ்கியூஎல் இந்த விதியை முழுமையாகக் காப்பதில்லை. கீ எதையும் அறிவிக்காமல் ஓர் அட்டவணையை உருவாக்கினால், ஒரே வரிசையைப் பத்து முறை சேர்த்தாலும் அது வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

முதல் படி: ஷீட்டைப் படித்து வாக்கியங்களாக எழுதுதல்

ஒரு தேர்வுப் பிரிவில் எக்செல் ஷீட் ஒன்று இப்படி இருக்கிறது என்று கொள்வோம். பெயர்கள் மாதிரிக்காக இட்டவை; கிரேடில் யு என்பது தோல்வி, ஓ என்பது உச்சம்; பதிவெண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் தந்திருக்கிறேன்.

| பதிவெண் | பெயர் | துறை | துறைத் தலைவர் | பாடக் குறியீடு | கிரெடிட் | அமர்வு | கிரேடு |
|---|---|---|---|---|---|---|---|
| 101 | கயல்விழி | கணினி | மாலதி | சிஎஸ்3492 | 3 | ஏப்/மே 2024 | யு |
| 101 | கயல்விழி | கணினி | மாலதி | சிஎஸ்3492 | 3 | நவ/டிச 2024 | பி |
| 101 | கயல்விழி | கணினி | மாலதி | சிஎஸ்3451 | 3 | ஏப்/மே 2024 | ஏ |
| 102 | முத்துக்குமார் | கணினி | மாலதி | சிஎஸ்3492 | 3 | ஏப்/மே 2024 | ஓ |

இந்த ஷீட்டில் மூன்று வகைக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. துறைத் தலைவர் மாறினால் நான்கு இடங்களில் திருத்த வேண்டும்; ஒன்றை விட்டுவிட்டால் ஒரே துறைக்கு இரண்டு தலைவர்கள். அடுத்த செமஸ்டரில் தொடங்கவிருக்கும் ஒரு பாடத்தின் கிரெடிட்டை இப்போதே பதிய வழியில்லை. அதை எழுதிய மாணவர் எவரும் இன்னும் இல்லாததால் வரிசையில் பாதி வெறுமையாக நிற்கும். தவறாக ஏற்றப்பட்டது என்று முத்துக்குமாரின் ஒரே முடிவை நீக்கினால், அப்படி ஒரு மாணவர் இருந்த தடயமே போய்விடும். திருத்தல், சேர்த்தல், நீக்கல் ஆகிய மூன்று முரண்கள் என்று பாடநூல் இவற்றையே கூறுகிறது.

இப்போது உடனே கட்டம் வரையத் தொடங்கிவிடக் கூடாது. ஷீட் சொல்லும் செய்திகளை ஒவ்வொன்றாக வாக்கியமாக எழுதி, அந்த வேலையைச் செய்பவரிடம் அவற்றைப் படித்துக் காட்ட வேண்டும். 'ஒரு மாணவர் ஒரு நேரத்தில் ஒரே துறையில்தான் இருப்பார்', 'ஒரு பாடக் குறியீட்டுக்கு ஒரே கிரெடிட்தான்', 'ஒரு மாணவர் ஒரே பாடத்தைப் பல அமர்வுகளில் எழுதலாம், ஆனால் ஓர் அமர்வில் ஒரு முறைதான்' என்பன போன்ற வாக்கியங்கள் அவை. நான்கு வரிசைத் தரவைப் பார்த்து இவற்றை முடிவு செய்ய முடியாது. மேலே உள்ள ஷீட்டில் எல்லாக் கிரெடிட்டும் 3 என்பதால் கிரெடிட் ஒருபோதும் மாறாது என்று சொல்லிவிட முடியுமா? தரவு ஒரு விதியைப் பொய்ப்பிக்கலாமே தவிர, மெய்ப்பிக்காது. விதி உலகத்தில் இருக்கிறது. அதை அறிந்தவர் தேர்வுப் பிரிவில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் எழுத்தர்.

கிரெடிட் பற்றிய வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் ரெகுலேஷன் எனும் விதித்தொகுப்பு மாறும்போது பாடத்திட்டம் மாறுகிறது. 2017 ரெகுலேஷனில் சிஎஸ்8492 ஆக இருந்த டிபிஎம்எஸ் தாள், 2021 ரெகுலேஷனில் சிஎஸ்3492 ஆனது. குறியீடே மாறிவிடுவதால் 'குறியீட்டுக்கு ஒரே கிரெடிட்' என்ற வாக்கியம் அங்கே நிற்கிறது. பழைய குறியீட்டையே வைத்துக்கொண்டு கிரெடிட்டை மட்டும் மாற்றும் ஒரு தன்னாட்சிக் கல்லூரி இருந்தால், அதே வாக்கியம் அங்கே பொய்யாகி, வடிவமைப்பும் வேறாகிவிடும்.

எழுத்தரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி மறுமதிப்பீடு பற்றியது. அதே அமர்விலேயே கிரேடு மாறினால் பழைய கிரேடும் வேண்டுமா, புதியது மட்டும் போதுமா? அவர் 'போதும்' என்றால் ஒரு புலம் போதும். 'இரண்டும் வேண்டும்' என்றால் தனி அட்டவணை வேண்டும். இங்கே 'போதும்' என்று அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

இரண்டாம் படி: ஈஆர் வரைபடம்

ஈஆர் என்பது என்டிட்டி–ரிலேஷன்ஷிப், அதாவது உருப்பொருள்–தொடர்பு என்பதன் சுருக்கம். 1976-இல் பீட்டர் சென் முன்வைத்த முறை இது. நிலையாக இருக்கும் பொருள்கள் உருப்பொருள்கள், அவற்றை இணைப்பவை தொடர்புகள், இரண்டுக்கும் பண்புகள் உண்டு. உருப்பொருளுக்குச் செவ்வகம், பண்புக்கு நீள்வட்டம், தொடர்புக்குச் சாய்சதுரம். தேர்வில் பெரும்பாலும் இந்தக் குறியீட்டையே எதிர்பார்க்கிறார்கள். வேலைக்குப் போன இடத்தில் காகக்கால் போல மூன்று கோடுகள் விரியும் இன்னொரு குறியீடு இருக்கும். அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

நம் ஷீட்டில் மாணவர், துறை, பாடம் ஆகிய மூன்றும் உருப்பொருள்கள் என்பதில் ஐயமில்லை. துறைக்கும் மாணவருக்கும் இடையே ஒன்றுக்குப் பல என்ற தொடர்பு. மாணவருக்கும் பாடத்துக்கும் இடையே பலவற்றுக்குப் பல என்ற தொடர்பு. 'எழுதினார்' என்று சாய்சதுரம் வரைந்து, அதற்குக் கிரேடு என்ற பண்பை மாட்டிவிடத் தோன்றும். நாங்களும் அதைத்தான் செய்தோம், அங்கேதான் விழுந்தோம். சென்னின் முறையில் ஒரு தொடர்பு என்பது இணைகளின் கணம். 'கயல்விழி, சிஎஸ்3492' என்ற இணை அதில் ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும். எத்தனை அரியர் எழுதினாலும் அந்தச் சாய்சதுரத்துக்குள் இரண்டாவது முயற்சிக்கு இடமே கிடையாது.

இதற்குத் தீர்வு இரண்டு. அமர்வையும் ஓர் உருப்பொருளாக்கி, மாணவர், பாடம், அமர்வு மூன்றையும் ஒரே தொடர்பில் இணைக்கலாம். அல்லது 'தேர்வு முயற்சி' என்பதையே ஓர் உருப்பொருளாக உயர்த்தலாம். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். தேர்வுப் பிரிவிலும் 'எத்தனையாவது அட்டெம்ப்ட்' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பெயரிட்டு அழைக்கும் ஒன்று பெரும்பாலும் உங்கள் வரைபடத்தில் ஒரு செவ்வகமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கீ எது என்று முடிவு செய்தல்

ஓர் அட்டவணையில் எந்தப் புலங்களின் மதிப்புகள் சேர்ந்து இரண்டாம் முறை வரவே முடியாதோ, அவை சூப்பர் கீ. அதிலிருந்து ஒன்றை எடுத்தாலும் அந்தத் தன்மை போய்விடும் அளவுக்குச் சுருக்கியது கேண்டிடேட் கீ. கேண்டிடேட் கீகள் பல இருந்தால், அவற்றுள் நாம் தேர்ந்தெடுப்பது பிரைமரி கீ. இந்த வரையறைகளை ஒப்பிப்பது எளிது. ஒரு கீயை அறிவிப்பதன் மூலம் 'இது இரண்டு முறை நடக்காது' என்று உலகத்தைப் பற்றி ஒரு வாக்குறுதி தருகிறோம் என்பதை உணர்வதற்குத்தான் நாளாகிறது. பதிவெண்ணும் பாடக் குறியீடும் கீ என்று அறிவித்தபோது, 'எவரும் அரியர் எழுத மாட்டார்' என்று நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம். நடக்கிற காரியமா அது?

பல அட்டவணைகளில் வரிசை எண் போல ஒரு செயற்கை எண்ணைத் தானாக ஏறும்படி வைத்து, அதைப் பிரைமரி கீ ஆக்குவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டால், ஒரே மாணவரின் ஒரே முடிவு இரண்டு எண்களுடன் இரண்டு முறை ஏறிவிடும். செயற்கை எண் வைத்தாலும் பதிவெண், பாடக் குறியீடு, அமர்வு மூன்றும் சேர்ந்து யுனீக் என்று தனியாக அறிவித்தே தீர வேண்டும். மாணவர்களின் ப்ராஜெக்டுகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

நான்காம் படி: வரைபடத்திலிருந்து அட்டவணைக்கு

இந்தப் படி ஏறக்குறைய இயந்திரத்தனமானது. ஒவ்வோர் உருப்பொருளும் ஓர் அட்டவணை ஆகும். ஒன்றுக்குப் பல என்ற தொடர்பில், 'பல' பக்கத்து அட்டவணையில் மற்றதன் கீயை ஃபாரின் கீயாக வைக்க வேண்டும். மாணவர் அட்டவணையில் துறைக் குறியீடு வருவது அப்படித்தான். பலவற்றுக்குப் பல என்றால் நடுவில் ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும். ஒருவருக்குப் பல மதிப்புகள் இருக்கக்கூடிய பண்பு, எடுத்துக்காட்டாகத் தொலைபேசி எண், தனி அட்டவணைக்குப் போக வேண்டும். 'தொலைபேசி 1, தொலைபேசி 2' என்று புலங்களை நீட்டினால், மூன்றாவது எண் வரும் நாளில் அட்டவணையையே மாற்ற வேண்டியிருக்கும். ஓர் எண் யாருடையது என்று தேடுவதற்கும் இரண்டு புலங்களில் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: எது எதைத் தீர்மானிக்கிறது

வரைபடம் உள்ளுணர்வால் வரையப்படுவது. அதைச் சரிபார்க்கும் கணக்கு இந்தப் படியில் வருகிறது. பதிவெண் ஒன்றாக இருக்கும் எந்த இரண்டு வரிசைகளிலும் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றால், பதிவெண் பெயரைத் தீர்மானிக்கிறது என்கிறோம்; இதுவே ஃபங்ஷனல் டிபென்டென்சி, தமிழில் சார்பு. முதல் படியில் எழுதிய வாக்கியங்கள் இப்போது இப்படிச் சுருங்குகின்றன:

பதிவெண் → பெயர், துறை
துறை → துறைத் தலைவர்
பாடக் குறியீடு → கிரெடிட்
பதிவெண், பாடக் குறியீடு, அமர்வு → கிரேடு

இவற்றைக் கொண்டு கீயைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம். கையில் சில புலங்களை எடுத்துக்கொண்டு, அவை தீர்மானிப்பவற்றைச் சேர்த்துக்கொண்டே போய், மேலும் சேர்க்க ஒன்றும் இல்லாதபோது நிறுத்த வேண்டும். கிடைப்பது க்ளோஷர். பதிவெண்ணையும் பாடக் குறியீட்டையும் எடுத்துக்கொண்டு தொடங்குவோம். பதிவெண் பெயரையும் துறையையும் கொண்டுவருகிறது. துறை துறைத் தலைவரைக் கொண்டுவருகிறது. பாடக் குறியீடு கிரெடிட்டைக் கொண்டுவருகிறது. அத்துடன் நின்றுவிடுகிறது. அமர்வும் கிரேடும் வரவில்லை. எக்ஸ்டர்னல் ஒரே பார்வையில் கண்டதை இந்த மூன்று வரிக் கணக்கு எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும். அமர்வையும் சேர்த்துக்கொண்டால் எட்டுப் புலங்களும் வந்துவிடுகின்றன. மூன்றில் எதை எடுத்தாலும் குறைகிறது. ஆகவே அந்த மூன்றும் சேர்ந்ததே கேண்டிடேட் கீ.

ஒரு குறுக்குவழியும் உண்டு. எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும் வராத புலம் எல்லாக் கேண்டிடேட் கீயிலும் இருந்தே ஆக வேண்டும்; அதை வேறெதுவும் கொண்டுவர முடியாதல்லவா? இங்கே வலப்பக்கத்தில் வராதவை பதிவெண், பாடக் குறியீடு, அமர்வு. பதின்மூன்று மதிப்பெண் வினாவில் நேரம் மிச்சப்படும்.

ஆறாம் படி: நார்மலைசேஷன்

இந்தச் சார்புகளைப் பார்த்து அட்டவணையைப் படிப்படியாகப் பிரிப்பதே நார்மலைசேஷன்; ஒவ்வொரு படியும் ஓர் இயல்பு வடிவம். முதல் இயல்பு வடிவம் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. 'சிஎஸ்3492, சிஎஸ்3451' என்று காற்புள்ளி இட்டு ஒரே கட்டத்தில் எழுதினால் அது மீறல்.

இரண்டாம் இயல்பு வடிவம் கீயின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்து நிற்கும் புலங்களை வெளியேற்றுகிறது. நம் ஷீட்டின் கீ மூன்று புலங்களால் ஆனது; பெயரோ பதிவெண்ணை மட்டும் சார்ந்திருக்கிறது, கிரெடிட் பாடக் குறியீட்டை மட்டும் சார்ந்திருக்கிறது. ஆகவே மாணவர் அட்டவணையும் பாட அட்டவணையும் பிரிகின்றன. எஞ்சியது முயற்சி அட்டவணை. கீ ஒரே புலமாக இருக்கும் அட்டவணையில் இந்த மீறல் பொதுவாக எழாது.

மூன்றாம் இயல்பு வடிவம், கீ அல்லாத ஒன்றின் வழியாகச் சுற்றி வரும் சார்பைப் பார்க்கிறது. மாணவர் அட்டவணையில் பதிவெண் துறையைத் தீர்மானிக்கிறது, துறை தலைவரைத் தீர்மானிக்கிறது. தலைவர் மாணவரைப் பற்றிய செய்தி அல்ல, துறையைப் பற்றிய செய்தி. துறை அட்டவணைக்குப் போக வேண்டும். ஷீட் இப்போது துறை, மாணவர், பாடம், முயற்சி என்று நான்காகிவிட்டது. முதல் படியில் பார்த்த மூன்று முரண்களையும் மீண்டும் செய்து பாருங்கள்: தலைவரை ஓரிடத்தில் மாற்றினால் போதும், எவரும் எழுதாத பாடத்தையும் பதியலாம், முத்துக்குமாரின் முடிவை நீக்கினாலும் முத்துக்குமார் இருக்கிறார்.

பாய்ஸ்–காட் இயல்பு வடிவம் இன்னும் கறாரானது. எந்தச் சார்பை எடுத்தாலும் அதன் இடப்பக்கம் சூப்பர் கீயாக இருக்க வேண்டும் என்கிறது. ரேமண்ட் பாய்ஸும் காடும் 1974-இல் வகுத்தது இது. எஸ்கியூஎல் மொழியின் மூல வடிவத்தை டொனால்ட் சேம்பர்லினுடன் சேர்ந்து உருவாக்கிய அதே பாய்ஸ் அந்த ஆண்டிலேயே இளம் வயதில் இறந்துபோனார்.

மூன்றாவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆய்வகக் குழுக்களைப் பார்த்தால் விளங்கும். ஒரு மாணவர் ஓர் ஆய்வகப் பாடத்துக்கு ஒரே பேட்ச்சில் இருப்பார். ஒரு பேட்ச் ஒரே ஆய்வகப் பாடத்துக்கு உரியது. மாணவர், ஆய்வகம், பேட்ச் என்ற அட்டவணையில் 'மாணவர், ஆய்வகம் → பேட்ச்' என்பதும் 'பேட்ச் → ஆய்வகம்' என்பதும் உண்மை. ஆய்வகம் ஒரு கேண்டிடேட் கீயின் பகுதி என்பதால் மூன்றாம் வடிவம் இதை மன்னித்துவிடுகிறது. பேட்ச் தனியாகச் சூப்பர் கீ இல்லை என்பதால் பாய்ஸ்–காட் வடிவம் மன்னிப்பதில்லை. 'பேட்ச், ஆய்வகம்' என்றும் 'மாணவர், பேட்ச்' என்றும் பிரித்தால் மீறல் தீர்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒரு மாணவரை ஒரே ஆய்வகத்தின் இரண்டு பேட்ச்களில் சேர்த்துவிட்டால், அதைத் தடுக்க எந்தத் தனி அட்டவணையின் கீயாலும் முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் மூன்றாம் வடிவத்தோடு நின்றுகொள்வதே மேல் என்பது என் கருத்து. நேரெதிராகச் சொல்பவர்களும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் எதை இழக்கிறோம் என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வடிவங்கள் இருக்கின்றன. இந்தத் தாளை முதல் முறை படிப்பவருக்கு அவற்றின் வரையறை போதும்.

பிரித்தால் மீண்டும் சேருமா

இந்த ஷீட்டைப் 'பதிவெண், துறை' என்றும் 'துறை, பாடக் குறியீடு, கிரேடு' என்றும் ஒருவர் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஏப்/மே அமர்வின் சிஎஸ்3492 முடிவுகளை மட்டும் எடுத்தால் இரண்டு வரிசைகள்: 101-க்கு யு, 102-க்கு ஓ. இருவரும் ஒரே துறை. பிரித்ததைத் துறையின் வழியாக ஜாயின் செய்தால் நான்கு வரிசைகள் வருகின்றன: 101-க்கு யுவும் ஓவும், 102-க்கு யுவும் ஓவும். ஓ எடுத்த முத்துக்குமாருக்கு ஓர் அரியர் முளைத்துவிட்டது. வரிசைகள் கூடியிருந்தும் இதை இழப்பு என்கிறார்கள், ஏனெனில் எது உண்மை என்ற செய்தி தொலைந்துவிட்டது. விதி இதுதான்: இரண்டாகப் பிரிக்கும்போது இரண்டுக்கும் பொதுவான புலங்கள் குறைந்தது ஒரு பக்கத்துக்காவது சூப்பர் கீயாக இருக்க வேண்டும். துறை இரண்டு பக்கத்துக்கும் கீ இல்லை. நாம் பிரித்த முறையிலோ மாணவருக்கும் முயற்சிக்கும் பொதுவான பதிவெண், மாணவர் அட்டவணைக்குக் கீ.

ஏழாம் படி: தரவு வகைகளும் கட்டுப்பாடுகளும்

பாடநூல்கள் விரைந்து கடக்கும் இடம் இது. ஆனால் உண்மைத் தரவு வந்ததும் முதலில் உடைவதும் இங்கேதான்.

அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண் பன்னிரண்டு இலக்கம்: கல்லூரிக்கு நான்கு, சேர்ந்த ஆண்டுக்கு இரண்டு, துறைக்கு மூன்று, மாணவரின் வரிசை எண்ணுக்கு மூன்று. எண் போலத் தெரிவதால் இன்டிஜர் என்று வைத்துவிடுகிறார்கள். முப்பத்திரண்டு பிட் இன்டிஜரின் உச்சம் 2,147,483,647, பத்து இலக்கம். பன்னிரண்டு அதில் நுழையாது. பெரிய இன்டிஜரை வைத்தால் நுழையும். ஆனால் பதிவெண்ணைக் கூட்டியோ பெருக்கியோ யாரும் பார்க்கப் போவதில்லை. நீளம் வரையறுத்த எழுத்துச் சரமே அதற்கு ஏற்றது. பதிவெண்ணுக்குள்ளேயே துறை இருக்கிறதே, தனிப் புலம் எதற்கு என்று கேட்கலாம். மாணவர் துறை மாறியும் பழைய எண்ணே தொடர்ந்தால் உள்ளே இருக்கும் துறை பொய்யாகிவிடும். ஆகவே அதை வெட்டி எடுத்துப் படிக்காதீர்கள்.

பெயர்ப் புலத்தில் வேறொரு சிக்கல். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்து முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலங்கள் வைத்து, இரண்டாவது கட்டாயம் என்றும் அறிவித்துவிட்டால், தலைப்பெழுத்து மட்டும் உள்ள நம் மாணவர்களுக்கு அங்கே எதை இடுவது? பெயர், தலைப்பெழுத்து என்று வைப்பதோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர் என ஒரே புலமாக வைப்பதோ நன்று. பெயரைத் தமிழில் சேமிப்பதானால் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 'தமிழ்ச்செல்வி' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது பதின்மூன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் முப்பத்தொன்பது பைட். நீளத்தை 20 என்று அறிவித்தால், தரவுத்தள மென்பொருள்களுள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் குறியீடுகளை எண்ணும், பெயர் அடங்கிவிடும். ஆரக்கிள் இயல்பான அமைப்பில் பைட்டுகளை எண்ணும், அடங்காது.

அமர்வை 'ஏப்/மே 2024', 'நவ/டிச 2023' என்று எழுத்தாகச் சேமித்தால், வரிசைப்படுத்தும்போது ஏப்ரல்கள் எல்லாம் ஒன்றாகவும் நவம்பர்கள் எல்லாம் ஒன்றாகவும் நிற்கும், காலவரிசை கிடைக்காது. ஆண்டு ஒரு புலம், முதல் பாதியா இரண்டாம் பாதியா என்பதற்கு 1 அல்லது 2 ஒரு புலம் என்று வைத்துக்கொண்டு, காட்டும்போது பெயராக மாற்றிக்கொள்ளலாம்.

கிரேடு புலத்தை நல் (null, மதிப்பே இல்லாத வெறுமை) ஆக விடலாமா? முடிவு வரவில்லை, தேர்வுக்கு வரவில்லை, வருகைக் குறைவால் எழுத விடவில்லை என்ற மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றுக்கும் வெறுமையை இட்டால் பின்னால் பிரிக்க முடியாது. மேலும் நல் எதனோடும் சமமும் இல்லை, வேறும் இல்லை. 'கிரேடு யு அல்லாதவர்கள்' என்று கேட்டால் நல் உள்ள வரிசைகள் வரவே வராது. நிலை என்று ஒரு புலம் வைத்து, அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைச் செக் கட்டுப்பாட்டால் வரையறுப்பது நலம். மைஎஸ்கியூஎல்லில் இதைச் செய்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 8.0.16-க்கு முந்தையவை செக் கட்டுப்பாட்டைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புறக்கணித்துவிடும்.

ஃபாரின் கீயில் கேஸ்கேட் நீக்கத்தை ஆராயாமல் எழுதிவிடக் கூடாது. துறை வரிசையை நீக்கினால் அதன் மாணவர்கள், அவர்களின் முயற்சிகள் எல்லாம் ஒரே கட்டளையில் போய்விடும். கல்விப் பதிவுகளில் தடுத்து நிறுத்தும் விதியே பொருத்தம். எஸ்கியூலைட்டில் பயிற்சி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்திருக்கும், ஒவ்வோர் இணைப்பிலும் ப்ராக்மா கட்டளையால் இயக்க வேண்டும்.

சிஜிபிஏவை மாணவர் அட்டவணையில் ஒரு புலமாக வைக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்கிறார். அது கிரெடிட்டையும் கிரேடு புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்துக் கிடைப்பது. கணக்கிட்டுப் பெறக்கூடியதைச் சேமித்தால், மறுமதிப்பீடு வந்த அன்று இரண்டும் ஒத்துப்போகாது. கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுக் காட்டும் வியூ ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான வரிசைகளில் அது உண்மையிலேயே தாமதமானால், அளந்து பார்த்த பிறகு சேமிக்கலாம்.

எட்டாம் படி: கெட்ட தரவைக் கொண்டு சோதித்தல்

சரியான தரவு எந்த அமைப்பிலும் ஏறிவிடும். ஆகவே ஏறக் கூடாதவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும். இல்லாத துறையில் ஒரு மாணவர், இல்லாத பதிவெண்ணுக்கு ஒரு முயற்சி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கிரேடு, ஒரே அமர்வில் ஒரே பாடத்துக்கு இரண்டாவது முடிவு: நான்கும் மறுக்கப்பட வேண்டும். ஒன்று உள்ளே போய்விட்டாலும், எந்தக் கட்டுப்பாட்டை எழுத மறந்தோம் என்று ஐந்தாம் படியின் சார்புகளோடு ஒப்பிட்டுத் தேட வேண்டும்.

பிறகு ஏற வேண்டியவை. மாணவர் எவரும் இல்லாத புதிய துறை, எவரும் எழுதாத பாடம், தலைப்பெழுத்து இல்லாத மாணவர். கடைசியாக, 101-க்கு சிஎஸ்3492 பாடத்தில் 2024 முதல் பாதியில் யு இருக்கும்போதே, இரண்டாம் பாதிக்கு பி என்று ஒரு வரிசையைச் சேருங்கள். பிழைச் செய்தி வராது. பதிவெண்ணையும் பாடத்தையும் கொடுத்து, ஆண்டையும் பாதியையும் கொண்டு வரிசைப்படுத்திக் கேட்டால், இரண்டு வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்: முதலில் யு, அடுத்து பி.